குடிநோயாளிகளையும் உங்கள் ஆய்வுக்குள் விடுங்கள்

எடைக் குறைப்பு ஊசி மருந்துகளைத் தயாரிக்கும் நிறுவனங்களுக்கும், மருத்துவ ஆய்வுகளுக்குப் பணம் ஒதுக்கும் அமைப்புகளுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் ஊசியை எடை குறைப்பதற்காகப் போட்டுக்கொள்ளத் தொடங்கியவர்களில் பலர், கொஞ்ச நாளில் வேறு ஒரு சங்கதியையும் சொல்ல ஆரம்பித்தார்கள். பசி குறைந்தது, சரி, அது எதிர்பார்த்ததுதான். கூடவே, மாலையானால் வரும் குடி நினைப்பும் வரவில்லை என்றார்கள். பாதிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனதாகச் சிலர் சொன்னார்கள். சிகரெட் பிடிக்கத் தோன்றவில்லை என்றார்கள் வேறு சிலர். நகம் கடிப்பதும், தேவையில்லாததை வாங்கிக் குவிப்பதும்கூட நின்றுபோனதாகச் சொன்னவர்கள் உண்டு. எந்த ஆய்வுப் படிவத்திலும் இந்தக் கேள்வி இல்லை. கேட்காமலே அவர்களாக வந்து சொன்ன சாட்சியம் இது.

நான் மருத்துவன் இல்லை. குடியை விட முயல்கிறவர்களோடும் அவர்கள் வீட்டாரோடும் பழகுகிறவன். விட்டவர், மறுபடி விழுந்தவர், விழுந்து எழுந்தவர், எழாமலே போனவர் என்று எல்லாரையும் பார்த்திருக்கிறேன். இப்போதெல்லாம் அவர்கள் வீட்டிலிருந்து யாராவது கேட்டுவிடுகிறார்கள்: "அந்த ஊசி போட்டா குடி நிக்குமாமே, நெசமா?" கேட்பவர் பெரும்பாலும் மனைவி, இல்லாவிட்டால் அம்மா. அவர்களுக்குத் தரக்கூடிய நேர்மையான பதில், "நிற்கலாம் போலத் தெரிகிறது, உறுதியாகச் சொல்ல இன்னும் போதுமான சோதனை நடக்கவில்லை" என்பதுதான். அந்தச் சோதனையை நடத்துவதற்கான மருந்தும் பணமும் ஆட்களும் உங்களிடம் இருப்பதால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். இந்த மருந்துகளைப் போதை நோயாளிகளிடமே, அவர்கள் இருக்கிற நிலையிலேயே, நீண்ட காலம் சோதியுங்கள். முடிவு எதுவானாலும் வெளியிடுங்கள்.

இந்த மருந்துகள் வந்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டவுடன் நம் குடல் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. இன்சுலினைத் தூண்டுவது, இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைப்பது, போதும் என்று மூளைக்குச் சொல்வது எல்லாம் அதன் வேலை. சுரந்த ஓரிரு நிமிடங்களில் உடம்பே அதைச் சிதைத்துவிடும். அதே வேலையைச் செய்து, அப்படிச் சிதையாமல் நீடிக்கும் ஒரு பொருளை ஹீலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் உமிழ்நீரில் கண்டுபிடித்தார் ஜான் எங் என்ற ஆய்வாளர். அதிலிருந்து வந்த எக்ஸனடைட், 2005இல் அமெரிக்காவில் சர்க்கரை நோய்க்கு அனுமதி பெற்றது. (ஒரு பல்லியின் எச்சிலில் இருந்து இவ்வளவு பெரிய தொழில் கிளம்பும் என்று யார் நினைத்திருப்பார்கள்.) அப்புறம் லிராகுளுடைட், அதற்குப் பின் வாரம் ஒருமுறை போட்டால் போதும் என்ற செமாகுளுடைட். ஓசெம்பிக் என்ற பெயரில் 2017இல் சர்க்கரை நோய்க்கும், வெகோவி என்ற பெயரில் 2021இல் உடல் பருமனுக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்னொரு ஹார்மோனையும் சேர்த்துப் பின்பற்றும் டிர்செபடைட் அதற்குப் பின் வந்தது.

இதே ஜிஎல்பி-1ஐ மூளைத்தண்டில் உள்ள சில நரம்பு செல்களும் தயாரிக்கின்றன. அதை ஏற்றுக்கொள்ளும் வாங்கிகள், பசியைக் கவனிக்கும் பகுதிகளில் மட்டும் இல்லாமல், இன்பத்தையும் ஆசையையும் கவனிக்கும் டோபமைன் பாதையிலும் இருக்கின்றன. மது, நிகோடின், கோகெய்ன் எல்லாம் கடைசியில் போய்த் தட்டுவது அந்தப் பாதையைத்தான். ஸ்வீடனில் எலிசபெத் யெர்ல்ஹாக் குழு உட்படப் பல ஆய்வுக்கூடங்கள் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக எலிகளிடம் இதைச் சோதித்து வந்திருக்கின்றன. மருந்து கொடுத்த எலிகள் மதுவைக் குறைவாகக் குடித்தன, மது கிளப்பும் டோபமைன் அலையும் அடங்கியது. மதுவை விரும்பிக் குடிக்கும் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்குகளும் இந்த மருந்து கிடைத்ததும் குறைத்துக்கொண்டன. செமாகுளுடைட் மூளையின் ஆழமான பகுதிகளுக்குள் பெரிதாகப் புகுவதில்லை, ஓரங்களில் உள்ள சில வாசல்களைத்தான் தொடுகிறது. அங்கிருந்து ஆசையை எப்படி அடக்குகிறது என்பது இன்னும் அவிழ்த்துக்கொண்டிருக்கும் முடிச்சு.

எலியும் குரங்கும் இருக்கட்டும், மனிதர்களுக்கு வருகிறேன்.

பெரிய எண்கள் எல்லாம் மருத்துவப் பதிவேடுகளிலிருந்து வந்தவை. 2024 நவம்பரில் வெளியான ஸ்வீடன் ஆய்வு, குடிநோய் என்று பதிவான சுமார் 2,28,000 பேரை 2006 முதல் 2023 வரை பின்தொடர்ந்தது. ஒரே ஆள் மருந்து எடுத்த காலத்தையும் எடுக்காத காலத்தையும் ஒப்பிட்டார்கள். செமாகுளுடைட் எடுத்த காலத்தில் குடியால் மருத்துவமனையில் சேரும் அபாயம் 36 சதவீதம் குறைவு, லிராகுளுடைட்டில் 28 சதவீதம். அதே ஆண்டு வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, குடிநோய்ப் பதிவு உள்ள 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களையும், ஓபியாய்டு (ஹெராயின், மார்ஃபின் வகை) போதைப் பதிவு உள்ள 5 லட்சம் பேரையும் பார்த்தது. இந்த மருந்து எழுதிக் கொடுக்கப்பட்டவர்களிடம் மது மிகுந்து மயங்கும் நிகழ்வுகள் 50 சதவீதமும், ஓபியாய்டு அளவு மீறும் நிகழ்வுகள் 40 சதவீதமும் குறைவாக இருந்தன. 2025 ஜனவரியில் வந்த மற்றோர் ஆய்வு, சர்க்கரை நோயுள்ள சுமார் 20 லட்சம் அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் பதிவுகளை அலசியது. மது, கஞ்சா, கோகெய்ன் போன்ற தூண்டும் போதைகள், ஓபியாய்டு என்று எல்லாப் போதைகளிலும் நோய் கண்டறியப்படுவது குறைந்திருந்தது.

இத்தனை திசையிலிருந்து ஒரே மாதிரிச் சைகை வருவது சாதாரணமில்லை. ஆனால் பதிவேட்டில் இருப்பவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். சர்க்கரைக்கோ எடைக்கோ வைத்தியம் பார்க்க வந்தவர், மருத்துவரிடம் ஒழுங்காகப் போனவர், வாரா வாரம் ஊசி போட்டுக்கொள்ளும் அளவுக்கு வாழ்க்கை கட்டுக்குள் இருந்தவர். நான் பார்க்கிற ஆட்களில் பலர் வெளிநோயாளிச் சீட்டைக்கூடத் தொலைத்துவிட்டு நிற்பவர்கள். உடம்பைக் கவனிக்கத் தொடங்கியவர் குடியையும் தானாகக் குறைத்திருக்கலாம். வாந்தியும் குமட்டலும் இருக்கும்போது யாருக்குத்தான் குடிக்கத் தோன்றும்? பதிவேடு இதையெல்லாம் பிரித்துக் காட்டாது. குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து, பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெற்று ஊசியும் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அப்படி நடந்தவை இருக்கின்றன. ஆனால் சிறியவை. அவற்றில் ஒன்றைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மருந்துகளைக் கொண்டாடும் கட்டுரைகள் அதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகின்றன.

டென்மார்க்கில் குடிநோயாளிகள் 127 பேரிடம் 26 வாரம் நடந்த அந்த ஆய்வு 2022இல் வெளியானது. எல்லாருக்கும் உளவியல் சிகிச்சை உண்டு. அதோடு பாதிப் பேருக்கு வாரம் ஒருமுறை எக்ஸனடைட், மீதிப் பேருக்கு வெற்று ஊசி. ஆய்வு முடிந்தபோது இரு தரப்புமே குடியைக் குறைத்திருந்தார்கள். மருந்து எடுத்தவர்கள் கூடுதலாகக் குறைத்ததாகச் சொல்ல முடியவில்லை. ஆகவே, கேட்ட கேள்விக்குப் பதில் "இல்லை". ஆனால் உள்ளே போய்ப் பிரித்துப் பார்த்தபோது, உடல் பருமன் உள்ளவர்களிடம் அளவு மீறிக் குடிக்கும் நாட்கள் சுமார் 24 சதவீதப் புள்ளிகள் குறைந்திருந்தன. மதுவின் படத்தைக் காட்டினால் மூளையில் எழும் பரபரப்பும் மருந்து எடுத்தவர்களிடம் தணிந்திருந்தது. நல்ல செய்தி என்று இதைத்தான் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். அதே பட்டியலில் இன்னொரு வரி இருக்கிறது. ஒல்லியாக, சாதாரண எடையில் இருந்தவர்களிடம் அளவு மீறிக் குடிக்கும் நாட்கள் மருந்தோடு கூடியிருந்தன.

ஆய்வு முடிந்தபின் உட்பிரிவுகளைக் கிளறி எடுக்கும் முடிவுகளை நம்பி எதையும் கட்டக்கூடாது என்பது எனக்கும் தெரியும். பருமனானவர்களுக்குப் பலன் என்ற வரிக்கும் அது பொருந்தும், ஒல்லியானவர்களுக்குக் கெடுதல் என்ற வரிக்கும் பொருந்தும். முதல் வரியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, அடுத்து வரும் சோதனைகளில் பருமனானவர்களையே சேர்த்துக்கொள்வதுதான் எனக்கு உறுத்துகிறது. பல ஆண்டு குடித்தவர் எப்படி இருப்பார் என்று உங்களுக்குத் தெரியாதா? சாப்பாட்டுக்குப் பதிலாக மதுவையே ஆகாரமாக்கிக்கொண்டு கன்னம் ஒட்டிப்போனவர்கள் அவர்களில் எத்தனை பேர். அவர்களுக்கு இந்த மருந்து உதவுமா, கெடுக்குமா என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டியது.

2025 பிப்ரவரியில் வந்த அமெரிக்க ஆய்வு இன்னும் சிறியது. 48 பேர், 9 வாரம், செமாகுளுடைட்டின் குறைந்த அளவு. ஆய்வுக்கூடத்தில் மதுவை முன்னால் வைத்தபோது மருந்து எடுத்தவர்கள் குறைவாகக் குடித்தார்கள். வீட்டிலும், குடிக்கும் நாளில் குடிக்கும் அளவு குறைந்தது, குடிக்க வேண்டும் என்ற வெறியும் தணிந்தது. குடிக்கும் நாட்களின் எண்ணிக்கை மட்டும் பெரிதாக மாறவில்லை. அதாவது, தொடுவது நிற்கவில்லை, தொட்டபின் நிறுத்த முடிந்தது. எங்கள் ஆட்களைக் கேட்டால், "ஒரு கிளாஸோட நிறுத்தத் தெரிஞ்சா நான் ஏன் இங்க வர்றேன்" என்பார்கள். அதனால் அதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. ஆனால் அந்த 48 பேரில் யாரும் குடியை விட வேண்டும் என்று சிகிச்சை தேடி வந்தவர்கள் இல்லை. சேர்க்கும்போதே அப்படிப்பட்டவர்களாகத்தான் தேர்ந்தெடுத்தார்கள். தொடக்கக் கட்டச் சோதனைக்கு அது சரி. எல்லாவற்றையும் இழந்துவிட்டு வருகிறவரைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

புகையிலையில் படம் இன்னும் கலங்கலாக இருக்கிறது. தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையோடு எக்ஸனடைட்டும் சேர்த்த 84 பேர் ஆய்வில், 6 வாரத்தில் புகையை நிறுத்தியவர்கள் 46 சதவீதம், வெற்று ஊசி பெற்றவர்களில் 27 சதவீதம். ஆகா என்று இருந்தது. பின்பு ஸ்விட்சர்லாந்தில் 255 பேரிடம் இதே வகையைச் சேர்ந்த டுலாகுளுடைட்டைச் சோதித்து 2023இல் வெளியிட்டார்கள். 12 வாரத்தில் மருந்துத் தரப்பில் 63 சதவீதம், வெற்றுத் தரப்பில் 65 சதவீதம். வித்தியாசமே இல்லை. இரு தரப்புக்கும் புகையை விட உதவும் வரெனிக்லின் என்ற நல்ல மருந்து ஏற்கெனவே கொடுக்கப்பட்டதால் அதற்கு மேல் கூட்ட இடமில்லாமல் போயிருக்கலாம். புகையை விட்டதும் ஏறும் எடை ஏறவில்லை என்பது மட்டும் உறுதியானது. எடைக்குப் பயந்தே புகையை விடாதவர்களுக்கு அதுவும் ஒரு லாபம்தான். கோகெய்னில் 13 பேரிடம் ஒரே ஒரு வேளை எக்ஸனடைட் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் இல்லை.

ஆக, "எல்லாப் போதைக்கும் ஒரே ஊசி" என்ற தலைப்புக்கு எந்த ஆதாரமும் இல்லை. மதுவில் நம்பிக்கை தரும் சைகை இருக்கிறது. ஓபியாய்டில் தேடிப் பார்க்கத் தகுந்த காரணம் இருக்கிறது. மற்றவை கேள்விக்குறி.

எடைக்கும் போதைக்கும் நடுவில் மருந்துகள் போய் வருவது இது முதல் தடவை இல்லை என்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன். சென்ற நூற்றாண்டின் நடுவில் எடை குறைக்கும் மாத்திரை என்றாலே ஆம்பெட்டமின்தான். எடையைக் குறைக்கப் போனவர்கள் மாத்திரைக்கு அடிமையானார்கள். மருத்துவமே உருவாக்கிய போதை அது. எதிர்த் திசையிலும் நடந்திருக்கிறது. ஓபியாய்டு போதைக்காக 1984இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, 1994இல் குடிநோய்க்கும் அனுமதி பெற்ற நால்ட்ரெக்ஸோன், புகையை விட உதவும் புப்ரோபியானோடு சேர்ந்து 2014இல் எடைக் குறைப்பு மாத்திரையாக வந்தது. சாப்பாட்டு ஆசையும் போதை ஆசையும் மூளையில் பக்கத்துப் பக்கத்து வீடுகள் என்று தொழில்துறைக்கு அப்போதே தெரிந்திருந்தது.

ரிமோனபன்ட் என்ற பெயரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கஞ்சா செயல்படும் வாங்கியை அடைக்கும் மருந்து. எடையையும் குறைக்கும், புகையையும் நிறுத்தும் என்ற நம்பிக்கையில் வந்தது. 2006இல் ஐரோப்பாவில் உடல் பருமனுக்கு அனுமதி கிடைத்தது. இரண்டு ஆண்டுகள்தான். மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் கூடுவது தெரியவந்து 2008இல் விற்பனையை நிறுத்தினார்கள். அமெரிக்கா அதை அனுமதிக்கவே இல்லை. ஆசையை அடக்கும் மருந்து, வாழ்க்கையில் மிச்சமிருக்கும் நல்ல ஆசைகளையும் அடக்கிவிடுமோ என்ற பயம் அங்கிருந்துதான் வருகிறது.

ஜிஎல்பி-1 மருந்துகளுக்கு இந்தப் பழி பொருந்தாது என்றுதான் இதுவரை தெரிகிறது. தற்கொலை எண்ணம் பற்றிய புகார்களை ஆராய்ந்த ஐரோப்பிய மருந்து முகமை, மருந்துதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 2024 ஏப்ரலில் சொன்னது. சந்தோஷம். ஆனால் செமாகுளுடைட்டின் முக்கியமான எடைக் குறைப்புச் சோதனைகளில் கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை. மது, போதைப் பழக்கம் உள்ளவர்களை வெளியே நிறுத்துவதும் இந்த வகைச் சோதனைகளில் பரவலான வழக்கம். குடிநோயும் மனச்சோர்வும் எத்தனை பேரிடம் ஒன்றாக இருக்கின்றன என்று எந்த மனநல மருத்துவரிடமும் கேளுங்கள். யாரிடம் பயம் அதிகமோ அவரைச் சேர்க்காமல், பயமில்லை என்ற முடிவுக்கு வந்திருக்கிறோம்.

பாதுகாப்பு விஷயத்தில் வேறு சிலவும் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கின்றன. கணைய அழற்சி வரலாம் என்று உங்கள் மருந்தோடு வரும் தகவல் தாளிலேயே எச்சரிக்கை இருக்கிறது. கணைய அழற்சிக்கு முதன்மையான காரணங்களில் ஒன்று மது. இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்தால்? குடிநோயாளிகளிடம் தயமின் (வைட்டமின் பி1) சத்துக் குறைவு சகஜம். அது முற்றினால் மூளை பாதிக்கப்படும். ஏற்கெனவே சரியாகச் சாப்பிடாத ஒருவருக்குப் பசியையும் எடுத்துவிட்டு, வாந்தியையும் கொடுத்தால் அந்தக் குறை எங்கே போய் நிற்கும்? செமாகுளுடைட் 68 வாரத்தில் சராசரியாக உடல் எடையில் 15 சதவீதத்தைக் கரைக்கிறது. நூறு கிலோ ஆளுக்கு அது வரம். ஐம்பது கிலோ ஆளுக்கு? இன்னொரு பக்கம் நல்ல சாத்தியமும் இருக்கிறது, மறைக்கக்கூடாது. கொழுப்புப் படிந்து தழும்பேறிய கல்லீரலுக்கு இதே செமாகுளுடைட் 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கிறது. குடித்துக் கெட்ட கல்லீரலுக்கும் அது ஏதாவது செய்யுமா என்பது கேட்கத் தகுந்த கேள்வி. இதில் எதையும் ஊகத்தில் விடாமல், வைட்டமின் கொடுத்து, எடையைக் கண்காணித்து, மருந்தளவை மெதுவாக ஏற்றி, சோதனையாகவே நடத்திப் பார்க்கலாமே.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகத் தெரிவது, மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது. எடை விஷயத்தில் உங்களுக்கே பதில் தெரியும். ஊசியை நிறுத்திய ஓராண்டில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. குடி வெறியும் அப்படியே திரும்புமா? திரும்பும் என்றால் இது ஆயுள் முழுக்கப் போட வேண்டிய மருந்து. அதைத் தொடங்கும் முன்பே நோயாளிக்குச் சொல்ல வேண்டும். ஓபியாய்டில் இந்தக் கேள்வி உயிர் சம்பந்தப்பட்டது. சில மாதம் எடுக்காமல் இருந்தவரின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. ஊசி தீர்ந்து, ஆசை திரும்பி, பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகும். சிறையிலிருந்தும் சிகிச்சை மையங்களிலிருந்தும் வெளியே வந்த முதல் வாரங்களில் இப்படி எத்தனையோ பேர் இறந்திருக்கிறார்கள். மருந்து கிடைக்காமல் போவது புதிதும் இல்லை. உங்கள் ஊசிகளுக்கே சில ஆண்டுகள் உலகம் முழுக்கத் தட்டுப்பாடு இருந்தது. ஆகவே, மருந்து கொடுக்கும் காலத்தைப் போலவே, நிறுத்தியபின் வரும் காலத்தையும் ஆய்வின் பகுதியாகவே வையுங்கள். 26 வாரம் கொடுத்துவிட்டு, "நன்றி, போய் வாருங்கள்" என்று அனுப்பும் சோதனை போதைக்குப் போதாது.

வெற்று ஊசியோடு ஒப்பிடுவதோடு நிற்காமல், கைவசம் உள்ள மருந்துகளோடும் ஒப்பிடுங்கள். குடிநோய்க்கு டைசல்ஃபிரம் இருக்கிறது, நால்ட்ரெக்ஸோன் இருக்கிறது, அகாம்ப்ரோசேட் இருக்கிறது. புதிய ஊசி நால்ட்ரெக்ஸோனைவிட மேலா, இரண்டையும் சேர்த்தால் மேலா என்று தெரியாமல் எந்த மருத்துவர் என்ன எழுதுவார்? இந்தப் பழைய மருந்துகள் மலிவானவை, ஆனாலும் பெரும்பாலான நோயாளிகளின் கைக்குப் போவதில்லை. அமெரிக்காவிலேயே 2019இல் குடிநோய் உள்ளவர்களில் மருந்துச் சிகிச்சை பெற்றவர்கள் 2 சதவீதத்துக்கும் குறைவு. ஊசிக்காகக் காத்திருக்கிறேன் என்று இருக்கிற சிகிச்சையையும் ஒருவர் தள்ளிப்போட்டால், அந்தத் தாமதத்தில் உங்கள் விளம்பரத்துக்கும் பங்கு உண்டு. கோகெய்னுக்கும் மெத்தம்ஃபெட்டமினுக்கும் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதித்த மருந்து என்று ஒன்றுகூடக் கிடையாது. அங்கே சின்ன வெற்றிகூடப் பெரிய விஷயம்.

ஏன் இவ்வளவு காலம் தாமதம் என்று கேட்டால், நீங்கள் வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும் காரணம் தெரிகிறது. போதை நோயாளியை ஆய்வில் சேர்த்தால் பாதியில் போய்விடுவார், பக்க விளைவுகள் பட்டியல் நீளும், யாராவது ஒருவர் இறந்தால் நன்றாக விற்றுக்கொண்டிருக்கும் மருந்தின் பெயர் கெடும். எடைச் சந்தை இருக்கும்போது இந்தத் தலைவலி எதற்கு என்பது வியாபாரக் கணக்கு. எலி லில்லி மருந்து நிறுவனம் இப்போது மாஸ்டுடைட் என்ற புதிய மருந்தைக் குடிநோயாளிகளிடம் சோதிக்கத் தொடங்கியிருக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் அது புதிய மருந்து, புதிய காப்புரிமை. ஏற்கெனவே லட்சக்கணக்கானோர் உடம்பில் ஓடிப் பழகிய செமாகுளுடைட்டும் லிராகுளுடைட்டும் என்ன ஆவது? லிராகுளுடைட்டின் பொது மருந்து, அதாவது மற்ற நிறுவனங்களும் தயாரிக்கும் நகல், வந்துவிட்டது. செமாகுளுடைட்டின் காப்புரிமை பல நாடுகளில் 2026இல் முடிகிறது. காப்புரிமை முடிந்த மருந்துக்குப் புதிய பயன் கண்டுபிடிக்க எந்த நிறுவனமும் பணம் போடாது.

அதனால் இந்த இடத்தில் நிதி ஒதுக்கும் அமைப்புகளைப் பார்த்துத் தனியாகக் கேட்கிறேன். விலை இறங்கும் இந்த நேரம்தான் உங்கள் நேரம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 2019இல் மட்டும் மதுவால் இறந்தவர்கள் 26 லட்சம், மதுப் பழக்கக் கோளாறோடு வாழ்கிறவர்கள் 40 கோடி. இத்தனை பேருக்கான ஒரு கேள்வியை 127 பேரிடமும் 48 பேரிடமும் கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். சில ஆயிரம் பேரை, பல நாடுகளில், குறைந்தது இரண்டு ஆண்டுகள் பின்தொடரும் ஒரு சோதனைக்கு நீங்கள் ஒன்றுசேர்ந்தால் பணம் ஒரு பிரச்சினையா? வடிவமைக்கும்போது சிகிச்சை மையங்களின் செவிலியர்களையும் குடியை விட்டவர்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். எத்தனை நாள் குடிக்கவில்லை என்று எண்ணுவதோடு, வேலைக்குப் போனாரா, மருத்துவமனையில் சேர்ந்தாரா, வீட்டில் அடிதடி குறைந்ததா என்பதையும் கேளுங்கள். மனைவியிடம் தனியாகக் கேளுங்கள். நோயாளி சொல்லும் கணக்கைவிட அது சரியாக இருக்கும்.

கடைசியாக ஒரு விஷயம், இதைப் பேரம் பேசாமல் ஒப்புக்கொள்ளுங்கள். சோதனையில் சேர்ந்து, மருந்து பலனளித்து, குடியை விட்டு நிற்கிற ஒருவருக்குச் சோதனை முடிந்த அன்று ஊசியும் நின்றுவிடக் கூடாது. அவருக்கு அது வேலை செய்கிற வரை, அவர் வேண்டுமென்று கேட்கிற வரை, செலவை நீங்கள் ஏற்று மருந்தைத் தொடர்ந்து கொடுப்பதாகச் சேர்க்கைப் படிவத்திலேயே எழுதுங்கள். எழுதினால், ஆட்களைச் சேர்ப்பதற்கு நானும் என்னைப் போன்றவர்களும் வீடு வீடாகப் போகத் தயார்.

இப்படிக்கு,
குடிநோயாளிகளின் குடும்பங்களோடு பழகும் ஒருவன்